நீள லென்ஸும் பழைய பேண்டின் ஒரு காலும்

ஜனவரி 8

அன்புள்ள ஐஸ்காரருக்கு,

இங்கே நானும் வாலுவும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று போனில் கேட்டால் “ம்” என்கிறீர்கள். சாப்பிட்டீர்களா என்றாலும் “ம்”. அறையில் இன்னும் மூன்று பேர் கட்டிலில் கிடக்கும்போது பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்ற கூச்சம் உங்களுக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். வெறும் “ம்” என்று எழுதித் தபால்தலை ஒட்ட உங்களுக்கே மனம் வராது.

விஷயம் இதுதான். காட்டு விடுதியிலிருந்து பதில் வந்துவிட்டது. மார்ச் பதினேழாம் தேதி கிளம்பி நான்கு இரவுகள். திறந்த ஜீப்பில் நடு வரிசையில் இரண்டு இருக்கை, நம் இருவருக்கும். வாலுவை உங்கள் அக்கா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதைக் கேக்க நான் எதுக்குக் காட்டுக்கு வரணும், அதான் போன்லயே கேக்கறேனே” என்கிறாள் நம் மகள். பரீட்சையும் இருக்கிறது அவளுக்கு.

விடுதிக்காரர்கள் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரே ஒரு துணிப்பை. சக்கரம் வைத்த பெட்டி ஜீப்பில் ஏறாது. வெள்ளையும் சிவப்பும் உடுத்த வேண்டாம். மின்சாரம் மாலையில் கொஞ்ச நேரம்தான், அதற்குள் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். படித்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். வாலுவைப் படம் எடுக்கச் சொல்லி நீங்கள் விட்டுவிட்டுப் போன கேமரா இருக்கிறது. அதோடு வந்த சின்ன லென்ஸ் இருக்கிறது. அதில் யானையை எடுத்தால் எறும்பு மாதிரிதான் விழும். நீள லென்ஸ் உங்களிடம். நீங்கள் ஏ.சி. பிளான்ட் பார்க்கும் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி மொட்டை மாடியில், கூலிங் டவர்மேல் வந்து உட்காரும் பறவைகளை, யாரிடமாவது கேமரா இரவல் வாங்கி, அதில்தானே பிடிக்கிறீர்கள். ஆகக் கேமரா இங்கே, லென்ஸ் அங்கே. நம் குடும்பம் மாதிரியே.

இருவர் பையிலும் எதை வைப்பது, எதை விடுவது என்று விவரமாக எழுதுங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. லென்ஸ் என்றால் அது மூக்கில் நிற்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கடைசியாக ஒன்று. லீவு கேட்டாயிற்றா? போன வருடம் வருகிறேன் என்றீர்கள், சில்லர் மெஷின் மக்கர் பண்ணியது. அதற்கு முந்தின வருடம் உங்களுக்கு மாற்று ஆள் வரவில்லை. அதற்கும் முன்னால் என்ன காரணம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கடையிலிருந்து வந்து, பைக்குள் சாவியைத் துழாவி, பூட்டைத் திறந்து, இருட்டு வீட்டில் தடவித் தடவி விளக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான் வருகிறது. ஒரு நாளாவது உள்ளே இருந்து யாராவது எனக்குக் கதவைத் திறக்க வேண்டும். வாலு டியூஷன் முடிந்து எனக்குப் பிறகுதான் வருகிறாள். ஆகையால் அந்த வேலை உங்களுடையது.

லென்ஸ் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வாருங்கள்.

உங்கள்
கண்ணாடி


ஜனவரி 21

அன்புள்ள கண்ணாடிக்கு,

கடிதம் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்துவிட்டு, மேல் கட்டில் வெல்டர் தம்பி, “என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்றான். ஆமாம் என்றேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ட்ரைபாடை மறந்துவிடு. ஜீப்பில் மூன்று காலையும் விரிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் மடியில்தான் ஊன்ற வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பை தை. தடித்த துணியில், குட்டித் தலையணை மாதிரி, ஒரு பக்கம் ஜிப் வைத்து. போகும்போது காலியாகச் சுருட்டி எடுத்துப் போக வேண்டும். அங்கே போய் அதில் பயறோ அரிசியோ நிரப்பி, ஜீப்பின் கம்பிமேல் போட்டு, அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும். திரும்பும்போது பயற்றை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்குக் குழம்பாகிவிடும். எடையும் மிச்சம்.

அடுத்தது தூசி. ஜீப் ஓடும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது. ஒரே ஒரு துகள் உள்ளே போய் உட்கார்ந்தாலும் எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி விழும். காற்றடிக்கும் ரப்பர் பந்து ஒன்று, உன் கடையில் கொடுப்பார்களே அந்த மெல்லிய துணி இரண்டு, பழைய தலையணை உறை ஒன்று. உறை எதற்கு என்கிறாயா? வண்டி ஓடும்போது கேமராவை அப்படியே அதற்குள் போட்டு வாயைக் கட்டிவிடலாம். கடையில் விற்கும் உறைகளெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

பாட்டரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும். விடியற்காலை கிளம்பும்போது ஒன்றைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள். குளிரைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம், பதினான்கு வருடமாக அதைத்தான் உற்பத்தி செய்கிறேன். மெமரி கார்டு பெரியதாக ஒன்று வேண்டாம், சின்னதாக இரண்டு எடுத்துக்கொள். ஒன்று கெட்டாலும் பாதிக் காடாவது மிஞ்சும்.

பைனாகுலர் ஒன்று போதும், இருவரும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சின்ன லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடு. மிருகங்கள் தூரத்தில்தான் நிற்கும், அதை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நீள லென்ஸ் கனம் என்பதால் மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்க வேண்டும். இந்தத் தடவை யானையின் கண் இமை மயிர்கூடத் தெரிகிற மாதிரி எடுக்காமல் விடமாட்டேன்.

லீவு விஷயம் மேலாளரிடம் வைத்திருக்கிறேன்.

வாலுவைக் கேட்டதாகச் சொல்.

ஐஸ்காரர்


பிப்ரவரி 3

அன்புள்ள ஐஸ்காரருக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தூசிக்கு ஒரு பத்தி, பாட்டரிக்கு ஒரு பத்தி, பயற்றுப் பைக்குப் பெரிய பத்தி. லீவுக்கு ஒரு வரி. லீவு என்கிற இடத்தில் பாட்டரி என்று எழுதியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் விவரம் கிடைத்திருக்கும்.

போகட்டும். பை தைத்தாயிற்று. துணிக்கு உங்கள் பழுப்புப் பேண்டின் இடது காலை வெட்டிவிட்டேன், கோபிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் வாங்கியது. இப்போது இடுப்பு ஏறாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெட்டும்போது உங்கள் அக்கா வந்துவிட்டார். “ஏம்மா, வெட்டறது வெட்டற, ரெண்டு காலையும் வெட்டக் கூடாதா? ஒத்தைக் காலோட இதை எவன் போடுவான்?” என்றார். “இன்னொரு காலை என்ன பண்றதுன்னு கேக்க ஆள் வரட்டும் அண்ணி” என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

நேற்று கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுத்துப் பலகையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டேன். “கிட்ட இருக்கறதெல்லாம் பளிச்சுனு தெரியுதும்மா. தூரத்துல இருக்கறதுதான் எப்படி இருக்குன்னே தெரியல” என்றார். “எனக்கும் அதே கம்ப்ளெயிண்ட்தாங்க” என்றேன். முதலாளி அந்தப் பக்கமிருந்து ஒரு பார்வை பார்த்தார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வாலு பிறந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு வாஷிங் மெஷின் நின்றது. எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் ஆனபோது தைல பாட்டில்களும் ஒரு மிக்ஸியும் வந்தன. அவள் மேடையேறிப் பரிசு வாங்கிய வாரத்தில் அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. எல்லாம் நல்ல சாமான்கள்தான், ஒன்றுகூடப் பழுதாகவில்லை. நீங்கள் வர முடியாதபோதெல்லாம் யாராவது ஒருத்தர் மூலம் ஏதாவது ஒன்று வந்துவிடும். சின்னச் சாமான் என்றால் உடையாமல் இருக்க அதைச் சுற்றி உங்கள் பழைய சட்டையை வைத்து அனுப்புவீர்கள். சாமான்களைப் பற்றி நான் நன்றி சொல்லியிருக்கிறேன். சட்டைகளைப் பற்றிச் சொன்னதில்லை. அவற்றை நான் துவைப்பதில்லை. அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்திருக்கிறேன். சில நாள் கதவைத் திறந்து, முகத்தை வைத்துவிட்டு மூடுவேன். இதைப் போனில் சொல்ல எனக்கும் வராது.

அதனால் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை கையை வீசிக்கொண்டு வாருங்கள். கையில் ஒன்றும் இல்லாமல், பையும் பொட்டலமும் இல்லாமல், நீங்கள் மட்டும்.

சின்ன லென்ஸை விடச் சொன்னீர்கள். மாட்டேன். நீள லென்ஸில் யானையின் இமை விழட்டும். பக்கத்து இருக்கையில் இருக்கிறவர் சின்ன லென்ஸில்தான் விழுவார்.

உங்கள்
கண்ணாடி

பி.கு. தலையணை உறையும் எடுத்து வைத்தாயிற்று. பூப் போட்டது. யானை ஆட்சேபிக்காது என்று நினைக்கிறேன்.


பிப்ரவரி 16

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று பிளான்ட் ரூமில் இரண்டாம் நம்பர் சில்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இரைச்சலில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் யாரும் வரமாட்டார்கள். அதுவும் ஒரு வசதி.

நாம் கல்யாணமான மூன்றாவது மாதம் காட்டுப் பாதையில் பஸ்ஸில் போனோமே, நினைவிருக்கிறதா? வளைவில் ஒரு யானை குறுக்கே நின்றது. டிரைவர் என்ஜினை நிறுத்தி விளக்கையும் அணைத்துவிட்டார். பஸ் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை. நீ என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தி விரல் சிவந்துவிட்டது. நான் மடியில் இருந்த கேமராவை எடுத்தேன். பிலிம் தீர்ந்துபோயிருந்தது. அத்தனையையும் உன் முகத்துக்கே செலவழித்திருந்தேன். ஜன்னலோரம் நீ, டீக்கடையில் நீ, தூங்கும்போது நீ. யானைக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு நீ சொன்னாய், “பரவால்ல விடுங்க, இன்னொரு தடவை சரியா வரலாம்.” அந்த இன்னொரு தடவையைத்தான் நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று தடவை உங்கள் இருவருக்கும் தேதி சொன்னேன். மூன்று தடவையும் வாலு காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுப் பிறகு அதை ரப்பரால் அழித்தாள் என்று அக்கா சொன்னாள். அது என் மனதில் தைத்துவிட்டது. நான் வாயைத் திறந்து தேதி சொன்னாலே ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது. ஆகையால் இனிமேல் வருகிறேன், வரவில்லை என்று எதையும் என் வாயால் சொல்லப்போவதில்லை. நீயும் கேட்காதே.

நீ எழுதியது எல்லாம் நினைவில் இருக்கிறது.

பை தைத்ததற்குப் பாராட்டு. ஜிப்பை இரட்டைத் தையலாகப் போடு; பயறு கொட்டினால் ஜீப்பில் பொறுக்க முடியாது. பேண்ட் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐஸ்காரர்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மாலை உங்கள் வெல்டர் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. செருப்பை வெளியே நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். “அண்ணன் குடுத்தனுப்பிச்சாருக்கா. உடையற சாமான், மடியிலேயே வச்சுக்கிட்டுப் போடான்னாரு. வழியெல்லாம் தூங்கவே இல்ல” என்று சொல்லிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நீளத்தில் வேறு என்ன இருக்கும்.

டீயைக் கொடுத்துவிட்டு, கேட்கக் கூடாது என்று இருந்தும் கேட்டேன். “உங்க அண்ணன் ஊருக்கு வர்றதா ஏதாவது சொன்னாரா?” அவர் என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தார். “ஒண்ணும் சொல்லலக்கா. எப்பவும் போல பிளான்ட் ரூம்லதான் இருக்காரு.”

அவர் போனபிறகு பிரித்தேன். நீள லென்ஸ், சுற்றிலும் நீலக் கட்டம் போட்ட சட்டை, அதற்குமேல் ஒரு சாம்பல் நிறச் சட்டை. சட்டைப் பைகளில் கையை விட்டுப் பார்த்தேன். காலரை மடித்துப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வருகிற ஆள் லென்ஸைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். வராத ஆள்தான் கொடுத்தனுப்புவார். இது எனக்குப் பாடமாகிப் பல வருடம் ஆகிறது. வாஷிங் மெஷின் வந்தது, மிக்ஸி வந்தது, கடிகாரம் வந்தது, இப்போது லென்ஸ் வந்திருக்கிறது.

இன்று காலையில் நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் “வேலை வந்துடுச்சு” என்பீர்கள். அந்த வாக்கியத்தை உங்கள் குரலில் இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. இனியும் கூப்பிட வேண்டாம். பதினேழாம் தேதி கிளம்பிவிடுவேன், அங்கே டவர் கிடையாது.

ஆமாம், போகிறேன். தனியாகத்தான். “சீட்டைச் சும்மா விடாதே, கடையில யாரையாவது கூட்டிட்டுப் போ” என்கிறார் அண்ணி. உங்கள் இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக்கொண்டு யானை பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அது காலியாகவே வரட்டும்.

நீள லென்ஸை எடுத்துப் போகமாட்டேன். அலமாரியின் அடித்தட்டில், அதைச் சுற்றிவந்த சட்டைகளுக்குள்ளேயே வைத்துவிட்டேன். சின்ன லென்ஸ் போதும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டுகிற சாமான் எதுவும் இனி எனக்கு வேண்டாம். பதினான்கு வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

கண்ணாடி


மார்ச் 20, காட்டு விடுதி

அன்புள்ள ஐஸ்காரருக்கு,

கூடாரத்துக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை திரும்பும் வழியில் தபாலில் போட்டுவிடுவேன். எங்கள் ஜீப் டிரைவர்தான் வழிகாட்டியும். மீசைக்காரர், அதட்டிப் பேசுவார், ஆனால் மானைப் பார்த்தால் குரல் தானாக இறங்கிவிடும். முதல் நாள் என் கேமராவைப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், பெரிய லென்ஸ் எடுத்துட்டு வரலையா?” என்றார். “வீட்ல இருக்கு” என்றேன். பக்கத்து இருக்கையைக் காட்டி, “சார் வரலையா?” என்றார். முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “அவரும் வீட்லதான் இருக்காரு” என்றேன்.

பொய்தான். ஆனால் சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அவர் வீட்டில் இருக்கிறார். இரண்டு நாளாக மனதுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இங்கே தூசி பறக்கச் சுற்றுகிறேன், அவர் வீட்டில் இருக்கிறார், வாலு சாப்பிட்டாளா என்று அவர் பார்த்துக்கொள்வார், நான் போனதும் எப்படி இருந்தது என்று கேட்பார். ஊரில் எத்தனை பெண்கள் இதை நினைத்துக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

இன்று விடியலில் பார்த்தோம். ஐந்து யானைகள், ஒரு குட்டி. புல்லிலிருந்து ஏறி வண்டிப் பாதையைக் கடந்தன. மீசைக்காரர் என்ஜினை அணைத்தார். கடைசியாக வந்த பெரியது கடக்காமல் என் பக்கத்தில் நின்றுவிட்டது. எட்டினால் தொட்டுவிடலாம் என்று சொன்னால் மிகை, ஆனால் அது மூச்சு விடுவது கேட்டது. மிருகங்கள் தூரத்தில்தான் நிற்கும் என்று எழுதினீர்களே, உங்கள் நீள லென்ஸ் இருந்திருந்தால் அதில் ஒரு காதுமடல்கூட முழுசாக விழுந்திருக்காது. இமை மயிரை நான் வெறும் கண்ணால் பார்த்தேன். நீளமாக, கீழ்நோக்கி வளைந்து, ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. என் கை தானாகப் பக்கத்து இருக்கையைத் தேடியது. பஸ்ஸில் தேடிய அதே கைதான். அங்கே பயற்றுப் பை கிடந்தது. உங்கள் பேண்டின் கால். யானை போகும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஜிப்பை இரட்டைத் தையல் போட்டிருந்தேன். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். காலி இருக்கை, அதில் பழுப்புப் பை, பின்னால் யானையின் முன்கால்கள் இரண்டு.

அழுதேன், அதை மறைக்கவில்லை. முன் வரிசை அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். யானையைப் பார்த்த ஆனந்தம் என்று நினைத்திருப்பார்.

போன கடிதத்தில் கோபம் இருக்கிறது என்று எழுதினேன். இப்போது தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. கோபம் இருக்கும்வரை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இனிக் கேட்கமாட்டேன் என்று தோன்றுகிறது. வீட்டுக்குப் போவேன், சாவியை எடுப்பேன், திறப்பேன், விளக்கைப் போடுவேன். உள்ளே யாரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் திறக்கப் பழகிக்கொள்வேன். வேலைக்குப் போய்விட்டு வருவதுபோல் அதுவும் பழகிவிடும்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி


மார்ச் 21, நம் வீடு

அன்புள்ள கண்ணாடிக்கு,

இதைக் கதவு இடுக்கில் செருகி வைக்கிறேன். வாசலில் நின்று கடைசிவரை படித்துவிட்டுத்தான் நீ உள்ளே வர வேண்டும். நேரில் பார்த்தால் எனக்கு “ம்” தவிர வேறொன்றும் வராது.

கதவில் பூட்டுத் தொங்காததைப் பார்த்துப் பயந்துவிடாதே. திருடன் இல்லை, நான்தான்.

நீ கிளம்பிய மறுநாள் வந்தேன். இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். மாற்று ஆள் வரத் தாமதம், அவனிடம் ஒப்படைக்காமல் கிளம்ப முடியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும், எப்படியும் நேரில்தானே நிற்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன். நான் வராமல் நீ கிளம்பமாட்டாய் என்று நினைத்திருந்தேன், வந்து பார்த்தால் பூட்டு. அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “லென்ஸு வந்ததும் நீ வரலன்னு நினைச்சிட்டு, அவ பாட்டுக்குத் தனியா கிளம்பிப் போயிட்டாளேடா” என்றாள். அவளிடம் இருந்த மாற்றுச் சாவியால்தான் வீட்டைத் திறந்தேன்.

கண்ணாடி, வெறுங்கையோடு வா என்று நீதானே எழுதினாய்? அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று வெல்டர் தம்பியைக் கேள். லென்ஸ் தோளில் இருந்தால் வெறுங்கை ஆகாதே. அது காட்டுக்கும் வேண்டும். அதனால்தான் அவன் மடியில் முன்கூட்டியே அனுப்பிவைத்தேன். கூட ஒரு சீட்டு வைத்திருக்கலாம். வைத்தால் அது தேதி சொன்ன மாதிரி ஆகிவிடும், மறுபடியும் ஏதாவது குறுக்கே வரும் என்று பயந்தேன். நீ எழுதியதை அப்படியே செய்திருக்கிறேன், பார்த்ததும் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். இத்தனை வருடம் நான் அனுப்பிய சாமான்களெல்லாம் சேர்ந்து உனக்கு வேறு அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. விமான நிலையத்தில் அந்த அதிகாரி, “லக்கேஜ் எங்க?” என்றார். இல்லை என்றேன். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டைகூட இல்லாமலா என்று மேலும் கீழும் பார்த்தார். இங்கே மூன்று நாளாக, நீ துவைக்காமல் வைத்திருந்த என் சட்டைகளைத்தான் போட்டுக்கொள்கிறேன். மன்னித்துவிடு, ஒன்றைத் துவைத்துவிட்டேன்.

விடுதியின் டவுன் ஆபீசுக்குப் போன் செய்தேன். நடுவில் ஆள் ஏற்ற வண்டி வராது என்றார்கள். வேண்டுமானால் வயர்லெஸ்ஸில் டிரைவரிடம் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். ஜீப்பில் அத்தனை பேர் நடுவில் உன் காதில் அது விழுவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், அவள் யானையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அலமாரியில் நீள லென்ஸைப் பார்த்தேன். ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று முதலில் பிடிபடவில்லை. அந்தச் சட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒற்றைக் கால் பேண்டையும் போட்டுப் பார்த்தேன். இடுப்பு ஏறவில்லை. வாலு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் என் தோள்வரை வளர்ந்துவிட்டாள் என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

நேற்று முழுவதும் தெருவில் ஆட்டோ நின்றால் ஜன்னலுக்குப் போனேன். நீ வரும் நாள் அது இல்லை என்று தெரியும், தெரிந்தும் போனேன். குக்கர் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில். படியில் காலடி கேட்டால் மாடிக்காரர். சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன், சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டேன். மூன்று நாளே எனக்கு இப்படி இருக்கிறது. நீ இதைப் பதினான்கு வருடம் செய்திருக்கிறாய். உன்னைப் பார்க்க வேண்டும், கண்ணாடி. வேறு ஒன்றும் வேண்டாம், உன்னைப் பார்க்க வேண்டும்.

வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் தாளை மேலாளர் என் சட்டைப் பையில் வைத்துத்தான் அனுப்பினார். நான் கையெழுத்துப் போடவில்லை. போடுவதா வேண்டாமா என்று நாம் இருவரும் இந்த மேஜையில் உட்கார்ந்து பேசலாம். இந்தத் தடவை நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்து உனக்குச் சொல்லப்போவதில்லை.

பஸ் நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாடா என்று அக்கா காலையிலிருந்து விரட்டுகிறாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டது அது இல்லை.

பையைக் கீழே வை. சாவியைத் தேடாதே. கதவைத் தட்டு.

ஐஸ்காரர்